பல்செட் பசையும் குஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்செட் கட்டிக் கொடுப்பதும், கட்டிய செட்டைச் சரிசெய்து கொடுப்பதும் என் அன்றாட வேலை. செட் போட்டிருக்கும் பெரியவர்கள் வந்த காரியம் முடிந்து எழுந்த பிறகு, கதவுப் பக்கம் நின்று குரலைத் தாழ்த்தித்தான் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள்: "சாப்பிடும்போது ஆடுது டாக்டர். மெடிக்கல்ல ஏதோ பசை விக்கிறாங்களாமே, வாங்கலாமா?" கல்யாண வீட்டுப் பந்தியில் செட் நழுவிய பிறகு வெளியே சாப்பிடுவதையே விட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்து நிறையப் பேர். கூச்சப்பட்டு அவர்கள் கேட்காமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மேலோ கீழோ எல்லாப் பல்லும் போய், கழற்றி மாட்டும் முழுப் பல்செட் போட்டவர்களுக்கானது இது.

நல்ல செட் என்றால் பசை இல்லாமலே நிற்க வேண்டாமா?

மேல்செட் நிற்க வேண்டும். அதைப் பிடித்து வைப்பது எச்சில்தான். கழுவிய ஈரத்தோடு இரண்டு எவர்சில்வர் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிவிட்டால், பிறகு பிரிக்க நகத்தைக் கொடுத்து நெம்ப வேண்டியிருக்கும். அதே சங்கதிதான் வாயிலும் நடக்கிறது. ஈறுக்கும், செட் செய்திருக்கும் அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மெல்லிய எச்சில் படலம், சுற்றிலும் காற்றுப் புகாத ஓரம், அண்ணம் என்கிற அகன்ற தரை. இந்த மூன்றும் சேர்ந்து மேல்செட்டைத் தாங்கிக்கொள்கின்றன.

கீழ்செட்டுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. பல் போன மேல்தாடையில் செட் உட்காரும் பரப்பு சராசரியாக 23 சதுர சென்டிமீட்டர். கீழ்த்தாடையில் 12 சதுர சென்டிமீட்டர் அளவுதான். அந்தக் குறுகலான வரப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் செட்டை உள்ளிருந்து நாக்கும், வெளியிலிருந்து கன்னமும் உதடும் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. "மேல்செட் கல்லு மாதிரி நிக்குது, கீழ்செட் மிதக்குது" என்று பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்வது செட் கட்டியவர் செய்த தப்பாகவே இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. பல்லைப் பிடுங்கிய பிறகு, அந்தப் பல்லைத் தாங்கி நின்ற எலும்புக்கு வேலை இல்லாமல் போகிறது. அது கரையத் தொடங்குகிறது. முதல் ஆறு மாதம், ஒரு வருடம் வேகமாகக் கரையும். அப்புறம் வேகம் குறையுமே தவிர நிற்காது. ஆன்ட்யே டால்கிரென் என்ற ஆய்வாளர் பல்செட் போட்டவர்களை 25 ஆண்டுக் காலம் தொடர்ந்து அளந்து, 1972-ல் முடிவை வெளியிட்டார்: முன்பக்கத்தில் கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்ந்திருந்தது. செட் அன்று செய்தபடியே இருக்கிறது; அதன் அடியில் இருக்கும் தாடை இறங்கிக்கொண்டே போகிறது. பசையைப் பற்றியும், செட்டுக்கு அடியில் மெத்தை மாதிரி வைக்கும் குஷனைப் பற்றியும் நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்துதான் வருகிறது.

அப்படியானால் பசை யாருக்குத்தான் உதவும்?

பொருந்திய செட் வைத்திருந்தும் கூடுதல் பிடி தேவைப்படுகிறவர்களுக்கு. கீழ்த்தாடை வரப்பு நன்றாகத் தேய்ந்து தட்டையாகிவிட்டவர்கள். பிரஷர் மாத்திரை, மனநல மாத்திரை போன்றவற்றால் வாய் காய்ந்து போகிறவர்கள். கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்கள். பக்கவாதம் வந்து ஒரு பக்க உதடும் கன்னமும் தளர்ந்தவர்கள், பார்க்கின்சன் நோயால் வாய் நடுங்குகிறவர்கள். பாடுகிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள், மேடையில் பேசுகிறவர்கள். புதுசாகச் செட் போட்டு, நாக்குக்குப் பழக்கம் வரும் வரை முதல் சில வாரம் பயந்துகொண்டே பேசுகிறவர்கள். இவர்களுக்கெல்லாம் நானே பசை எழுதிக் கொடுக்கிறேன், தயக்கமே இல்லாமல். இன்னொரு நன்மையும் உண்டு: செட் ஆடாமல் உட்கார்ந்தால் அடியில் உணவுத் துகள் போவது குறையும். கொய்யா விதையோ எள்ளோ செட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கடித்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உடைந்த செட்டுக்கும், வாயில் புண் இருக்கும்போதும், பொருத்தமே போய்விட்ட பழைய செட்டுக்கும் பசை போடக் கூடாது.

செட் லூசாகிவிட்டது. கொஞ்சம் அதிகமாகப் பசை வைத்தால் சரியாகிவிடாதா?

ஆகாது. கேடுதான். பசை ஒரு மெல்லிய படலமாக இருக்கும்போதுதான் பிடிக்கும். தடிமனாகப் போட்டால் செட் அதன் மேல் வழுக்கிக்கொண்டு நகரும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் இடம் தப்பிப்போகும். தப்பான இடத்தில் கடிக்கக் கடிக்க ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் ஏறி, அங்கே எலும்பு இன்னும் சீக்கிரம் தேயும். தேய்ந்ததால் இன்னும் லூசாகும், அதற்கு இன்னும் கொஞ்சம் பசை. இந்தச் சுழலில் வருஷக்கணக்காகச் சுற்றிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். முதல் வருஷமே வந்திருந்தால், செட்டின் உட்புறத்தை இன்றைய தாடைக்கு நிரப்பிக் கொடுக்கும் ஒரு ரீலைனோடு முடிந்திருக்கும்.

முன்பு ஒரு நாளைக்கு ஒரு தடவை போட்ட பசை இப்போது மூன்று தடவை தேவைப்படுகிறதா? அப்போது போய் நிற்க வேண்டிய இடம் மருந்துக்கடை அல்ல, பல் மருத்துவமனை.

க்ரீம், பவுடர், பட்டை: எதை வாங்குவது?

நம் ஊர் மருந்துக்கடைகளில் ஃபிக்ஸான், பாலிடென்ட் போன்ற பெயர்களில் க்ரீமோ பவுடரோ கிடைக்கும். ஃபிக்ஸோடென்ட் போன்ற வெளிநாட்டுப் பொருட்களைப் பிள்ளைகள் வரும்போது வாங்கி வருவார்கள். பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒரே வகைதான்: எச்சிலைக் குடித்து ஊதி, கொழகொழவென்று ஆகும் செல்லுலோஸ் பொருள் ஒன்று, அதோடு மெதுவாகக் கரைந்து நெடுநேரம் பிடித்து வைக்கும் செயற்கைப் பாலிமர் ஒன்று. க்ரீமில் இவற்றைக் குழைக்க வாசலினும் மினரல் எண்ணெயும் சேர்ப்பார்கள். முற்காலப் பவுடர்களில் கராயா கோந்து இருந்தது. நம் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பிசின் அது.

என் சிபாரிசு இப்படி: மேல்செட்டுக்கு மட்டும் லேசான பிடி வேண்டும் என்றால் பவுடர். மெல்லிசாகப் படியும், கடிக்கும் இடத்தை மாற்றாது, கழுவுவதும் சுலபம். கீழ்செட்டுக்கும், வாய் காய்கிறவர்களுக்கும் க்ரீம்; பிடி கூடுதல், நேரமும் கூடுதல். செட்டின் வடிவத்துக்கு வெட்டி, நனைத்து ஒட்டும் பட்டைகளும் உண்டு. கை நடுங்குகிறவர்களுக்கு ட்யூபை அமுக்குவதைவிட அது வசதி. ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது, விலையும் அதிகம்.

எது வாங்கினாலும் அட்டையில் துத்தநாகம் சேர்க்காதது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஏன் என்பதை இரண்டு கேள்வி தள்ளிச் சொல்கிறேன்.

எவ்வளவு வைக்க வேண்டும்? எப்படி வைக்க வேண்டும்?

அட்டையில் சின்ன எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. எல்லாரும் பல்பசையை பிரஷில் வைப்பது போல, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீளமாக ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். ஒரு பெரியவரைப் பசை வைத்துக் காட்டச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ட்யூபை எடுத்து, வரப்பு நிறைய நிரப்பி, வாயில் வைத்து அழுத்தினார். கடைவாய் இரண்டு பக்கமும் பிதுங்கி வழிந்தது. அதை விரலால் வழித்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, "தினமும் இப்படித்தான் டாக்டர், பாதி வெளியதான் போகுது" என்றார். அந்தப் பாதிதான் அவர் மிச்சப்படுத்த வேண்டியது.

முதலில் செட்டைக் கழுவி, நேற்றைய பசை துளி இல்லாமல் எடுத்து, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். க்ரீம் ஈரத்தில் பிடிக்காது. வாயையும் ஒரு தடவை கொப்பளித்துவிடுங்கள். ஈறு படும் பக்கத்தில், மேல்செட்டுக்கு இடது, வலது, முன்பக்கம் என மூன்று பொட்டும் அண்ணத்தின் நடுவில் ஒரு பொட்டும் வையுங்கள். கீழ்செட்டுக்கு மூன்று பொட்டு போதும். ஒவ்வொரு பொட்டும் காய்ந்த பட்டாணியைவிடப் பெரிதாக வேண்டாம். செட்டின் ஓரத்தை ஒட்டி வைக்காதீர்கள், அழுத்தும்போது வெளியே வந்துவிடும். வாயில் வைத்து விரலால் சில நொடி அழுத்திப் பிடித்து, பிறகு மெதுவாகப் பல்லைக் கடித்து அப்படியே கொஞ்ச நேரம் இருங்கள். ஐந்து நிமிடம் கழித்து காபி குடிக்கலாம், சாப்பிடலாம்.

பவுடருக்கு முறை வேறு. செட்டை ஈரமாகவே வைத்து, ஈறு படும் பக்கம் முழுக்கக் கோலமாவு தூவுவது போல மெல்லிசாகத் தூவி, கவிழ்த்துத் தட்டி மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

முதல் நாள் குறைவாக வையுங்கள். போதவில்லை என்றால் மறுநாள் துளி கூட்டுங்கள். ஓரத்தில் வழிந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் தேவைப்படக் கூடாது.

ஒரு ட்யூப் எத்தனை நாள் வர வேண்டும்?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-ல் சொன்ன கணக்கு: மேல், கீழ் இரண்டு செட்டும் போட்டவருக்கு 68 கிராம் ட்யூப் ஏழு எட்டு வாரம் வர வேண்டும். அந்தக் கணக்கில் நம் கடையில் கிடைக்கும் சின்ன 15 கிராம் ட்யூப் பத்துப் பன்னிரண்டு நாள் வரும். ஒரு செட் மட்டும் போடுகிறவருக்கு இன்னும் அதிக நாள். ட்யூப் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். இரண்டு ட்யூப் முடிவதற்குள் உங்கள் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

துத்தநாகத்தால் கால் மரத்துப்போகும் என்கிறார்களே, உண்மையா?

அளவு மீறினால் உண்மை. 2008-ல் ஒரு நரம்பியல் மருத்துவ இதழில் நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கை கால் மரத்து, நடை தள்ளாடி வந்தவர்கள். ரத்தத்தில் துத்தநாகம் ஏறியும் செம்புச்சத்து இறங்கியும் இருந்தது. விசாரித்ததில் வாரத்துக்கு இரண்டு 68 கிராம் ட்யூப், அதற்கும் மேலே, பல வருடமாகப் பசை போட்டு வந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் செட் பொருந்தாத செட். பிடியைக் கூட்டுவதற்காக அந்தக் காலப் பசைகளில் துத்தநாகம் சேர்த்திருந்தார்கள். எச்சிலோடு அதை விழுங்கிக்கொண்டே இருந்தால், உடம்பு உணவிலுள்ள செம்பை எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது. செம்பு குறைந்தால் ரத்தசோகையும் நரம்புச் சேதமும் வரும். நரம்பில் வந்த சேதம் பசையை நிறுத்திய பிறகும் முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

கிளாக்ஸோஸ்மித்க்ளைன் நிறுவனம் 2010 பிப்ரவரியில் துத்தநாகம் கலந்த பசையை நிறுத்திக்கொண்டது. இன்றும் சில பசைகளில் அது உண்டு. சரியான அளவில் போடுகிறவர் பதற வேண்டியதில்லை. ஆனால் துத்தநாகம் இல்லாததே கிடைக்கும்போது மற்றதை ஏன் வாங்க வேண்டும்? நம் ஊரில் பெரியவர்களுக்குக் கால் மரத்தால் சர்க்கரை நோய் என்றே எடுத்துக்கொள்வோம். பல வருடமாகப் பசையை அள்ளிப் போட்டவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

பசை வயிற்றுக்குள் போகிறதே?

தினமும் கொஞ்சம் போகத்தான் செய்யும். சரியான அளவில் வைத்த, துத்தநாகம் இல்லாத பசை என்றால் கவலை வேண்டாம்.

சாயங்காலத்துக்குள் பிடி விட்டுப்போகிறது. ஏன்?

சூடுதான் முதல் காரணம். கொதிக்கக் கொதிக்கக் காபி, ரசம், கஞ்சி எல்லாம் பசையைச் சீக்கிரம் கரைக்கும். கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள். மேல்செட் அண்ணத்தை மூடியிருப்பதால் சூடும் சரியாகத் தெரியாது, தொண்டையில் சுட்ட பிறகுதான் தெரியும். அடுத்த காரணம், ஒரு பக்கமாகவே மெல்லுவது. இரண்டு பக்கமும் உணவைப் பிரித்து வைத்து மென்றால் செட் ஒரு பக்கம் தூக்காது. முறுக்கை முன்பல்லால் கடிக்காமல் ஒடித்துக் கடைவாயில் போடுங்கள். செட்டின் கடிக்கும் வலு சொந்தப் பல்லில் கால் பங்குதான் என்பது பொதுவான கணக்கு. அதற்குத் தகுந்த சாப்பாடு தாராளமாக இருக்கிறது. கமர்கட்டும் எள்ளுருண்டையும் மட்டும் வேண்டாம்.

இரவில் கழற்றும்போது பசை ஈறில் அப்பிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து ஒரு நிமிடம் அலசுங்கள். செட்டை நேராக இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்ல அசைத்து எடுங்கள். ஈறில் மிச்சம் இருப்பதை நனைத்த மல் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றி, பின்னாலிருந்து முன்னால் துடைத்தால் வந்துவிடும். குழந்தைக்கு நாக்கு வழித்துவிடும் அதே பக்குவம்தான். அண்ணத்தையும் நாக்கையும் சேர்த்துத் துடையுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம்.

குஷன் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதை வைத்தால் வலிக்காதா?

வைத்த அன்றைக்கு வலிக்காது. அதனால்தான் அது ஆபத்தானது. மெழுகு ஏற்றிய பஞ்சுத்துணி, சூட்டில் இளகும் பிளாஸ்டிக், ஒட்டிக்கொள்ளும் ஜெல் என்று பல விதம். எல்லாமே செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு மெத்தையாக உட்காரும். உட்கார்ந்ததும் செட் ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ உயர்ந்துவிடும். மேல்பல், கீழ்ப்பல் சேரும் கணக்கு மாறிவிடும். சில நாளில் ஒரு பக்கம் நசுங்கும், இன்னொரு பக்கம் நசுங்காது. அழுத்தம் சமமில்லாமல் இறங்கும் இடத்தில் புண் வரும், எலும்பு கரையும். வலி தெரியாததால் நீங்களும் டாக்டரிடம் வர மாட்டீர்கள்.

இது என் தனிப்பட்ட பயம் இல்லை. கடையில் விற்கும் குஷன், வீட்டில் ஊற்றிக்கொள்ளும் ரீலைன் சாமான் எல்லாவற்றின் மேலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது: தற்காலிக உபயோகத்துக்கு மட்டும், நீண்ட நாள் போட்டால் எலும்பு வேகமாகக் கரையலாம், எரிச்சல் தொடரலாம், புண்ணும் கட்டியும் வரலாம், பல் மருத்துவரைப் பார்க்கும் வரைதான்.

வெளியூரில் இருக்கிறீர்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி வலிக்கிறது, திங்கட்கிழமைதான் டாக்டர் கிடைப்பார் என்றால், அந்த இடைவெளிக்கு ஒரு குஷன் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. தூங்கும்போது எடுத்துவிடுங்கள். தினமும் புதிது வையுங்கள். அவ்வளவுதான் அதன் வேலை.

வீட்டுக் கைவைத்தியக் குஷனும் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி கீழ்செட்டுக்கு அடியில் பழைய பருத்திப் புடவைக் கிழிசலை நான்காக மடித்து வைத்திருந்தார். எடுத்தபோது துணி பழுப்பாகி, சோற்றுப் பருக்கை ஊறிய வாடை. அடியில் ஈறு சிவந்து, ஓரத்தில் மடிப்பு மடிப்பாகச் சதை வளர்ந்திருந்தது. மகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லையாம். மடிப்புச் சதையை வெட்டி எடுத்து, ஆறவிட்டு, பிறகுதான் புது அளவு எடுக்க முடிந்தது. வீட்டில் பெரியவர்கள் திடீரென்று கஞ்சிக்கும் தயிர்சாதத்துக்கும் மாறினால், "ஏம்மா, செட் வலிக்குதா?" என்று நாமாகக் கேட்போம். அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

அப்படியானால் மெத்தென்று இருக்க வழியே இல்லையா?

இருக்கிறது, மருத்துவர் கையால். புண்ணாகி வீங்கிய ஈறுக்கு, செட்டின் உட்புறத்தில் குழைவான ஒரு பொருளை நாற்காலியிலேயே ஊற்றி, வாயில் வைத்து உருவெடுப்போம். டிஷ்யூ கண்டிஷனர் என்று பெயர். சில நாளிலிருந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் அது இறுகிவிடும், மாற்ற வேண்டும். ஈறு ஆறும் வரைக்கான ஏற்பாடு அது.

எலும்பு கத்தி முனை போலக் கூராகிவிட்டவர்களுக்கும், கெட்டி அக்ரிலிக்கைத் தாங்க முடியாதவர்களுக்கும் சிலிகான் சாஃப்ட் லைனர் உண்டு. லேபில் வேகவைத்துச் செய்வது சில வருடம் உழைக்கும். இதுவும் மெத்தைதான், ஆனால் அளவெடுத்து, கடிக்கும் இடத்தைச் சரிபார்த்து வைத்த மெத்தை. குறை என்னவென்றால் பூஞ்சைக் காளான் இதில் சீக்கிரம் குடியேறும், சுத்தத்தில் கண்டிப்பு வேண்டும்.

ஈறு நன்றாக இருந்து, செட் மட்டும் லூசானால் கெட்டி ரீலைன் போதும். பழைய செட்டையே வைத்து இன்றைய தாடைக்கு உட்புறத்தை நிரப்பிக் கொடுப்போம். புது செட்டைவிடச் செலவு மிகக் குறைவு. பசைக்கும் குஷனுக்கும் மாதாமாதம் போடும் பணத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு வாருங்கள்.

செட் குத்தி புண் வந்துவிட்டது. பசை போட்டு மறைக்கலாமா?

வேண்டாம். செட்டைக் கழற்றி ஈறுக்கு ஓய்வு கொடுங்கள், உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். டாக்டரிடம் போவதற்கு முந்தின நாளும் அன்றும் மட்டும் செட்டைப் போட்டுக்கொண்டு வாருங்கள். எங்கே குத்துகிறது என்று ஈறில் தடம் இருந்தால்தான் செட்டில் சரியான இடத்தைத் தேய்க்க முடியும். நீங்களாக அரம், உப்புக்காகிதம் வைத்துத் தேய்க்காதீர்கள். தேய்த்ததைத் திரும்ப வைக்க முடியாது.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, தடிப்பு எதுவானாலும் உடனே காட்டுங்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. "செட் உரசினதுதான்" என்று நினைத்து விட்டுவிட்ட புண் புற்றாக இருந்ததுண்டு.

ராத்திரி செட்டோடு தூங்கலாமா? கழற்றினால் முகம் ஒட்டிப்போய் அசிங்கமாக இருக்கிறது என்கிறார் அம்மா.

அம்மாவின் கூச்சம் புரிகிறது. ஆனாலும் கழற்றத்தான் வேண்டும். ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. செட்டில் படியும் கிருமிப் படலம் தூக்கத்தில் எச்சிலோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. மேல்செட்டின் அடியில் அண்ணம் வெல்வெட் போலச் சிவந்து கிடப்பதும் பெரும்பாலும் இரவில் கழற்றாதவர்களுக்குத்தான். காளான் தொற்று அது. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் அதிகம். விளக்கை அணைத்த பிறகு கழற்றிக் கையெட்டும் இடத்தில் தண்ணீர்க் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். காலையில் காபி வருவதற்குள் போட்டுக்கொள்ளட்டும். இதற்கு ஒத்துக்கொண்ட அம்மாக்கள் பலர்.

எதை வைத்துக் கழுவுவது?

மிருதுவான பிரஷும், பாத்திரம் கழுவும் திரவ சோப்பில் ஒரு சொட்டும். பற்பசையும் பல்பொடியும் அக்ரிலிக்கைக் கீறும். கீறலில் கிருமி தங்கும். வாஷ்பேசினில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு அதன் மேல் வைத்துக் கழுவுங்கள், கைதவறினால் உடையாது. வெந்நீர் கூடாது, செட் கோணிவிடும். மாத்திரை போட்டு ஊறவைப்பதென்றால் மறுபடி நன்றாக அலசிவிட்டு வாயில் வையுங்கள். அந்த மாத்திரையை வாயில் போடும் மாத்திரையென்று நினைத்து விழுங்கியவர்கள் உண்டு, பெரியவர்களின் மருந்து டப்பாவோடு சேர்த்து வைக்காதீர்கள்.

செட் இரண்டாக உடைந்துவிட்டது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டினோம்...

அது வாய்க்குச் செய்த பசையும் இல்லை, உடைந்த விளிம்பைச் சரியான இடத்தில் சேர்க்கவும் விடாது. ஒட்டாமல் கொண்டுவந்தால் துண்டுகளைச் சேர்த்து லேபில் பழுதுபார்ப்பது சுலபம். ஒட்டிய பிறகு கொண்டுவந்தால் பல சமயம் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

கம்பி போட்ட சின்ன செட்டுக்கும் பசை போடலாமா?

பொதுவாக வேண்டாம். கம்பி தளர்ந்திருந்தால் டாக்டர் இறுக்கித் தருவார். இரண்டு மூன்று பல் உள்ள சின்ன செட் தளர்ந்தால் தூக்கத்திலோ சாப்பாட்டிலோ தொண்டைக்குள் போய்விடும் ஆபத்து உண்டு, நாளைக் கடத்தாதீர்கள்.

பசை, ரீலைன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கீழ்செட் இன்னும் நிற்கவில்லை.

முதலில் செட்டின் வயதைப் பாருங்கள். ஐந்திலிருந்து ஏழு வருடம் தாண்டியிருந்தால் பல்லும் தேய்ந்திருக்கும். புது செட் பற்றி யோசிக்கலாம். அடுத்த படி, கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டு இம்ப்ளான்ட், அதாவது எலும்புக்குள் பதிக்கும் திருகு போன்ற உலோகத் துண்டு, வைத்து, சட்டைப் பட்டன் போலச் செட்டை அதில் அழுத்தி மாட்டுவது. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-ல் கூடிய நிபுணர்கள், கீழ்ப்பல் முழுவதும் போனவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டிய சிகிச்சையே இதுதான் என்று சொன்னார்கள். செலவு அதிகம் என்பதை மறைக்க மாட்டேன். முடியாதவர்கள் சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் விசாரியுங்கள். செட், ரீலைன் வேலைகள் வெளியில் ஆகும் செலவில் சிறு பங்கில் முடியும். நாலைந்து தடவை வர வேண்டியிருக்கும், துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது.

அப்பாவுக்கு மறதி. செட்டை எங்காவது வைத்துத் தொலைத்துவிடுகிறார். பசையும் தானாகப் போடத் தெரியவில்லை.

புது செட் செய்யும்போதோ ரீலைன் செய்யும்போதோ அவர் பெயரை உள்ளே பதித்துத் தரச் சொல்லுங்கள். மெல்லிய காகிதத்தில் எழுதி நிறமில்லாத அக்ரிலிக்கால் மூடிவிடுவோம், வெளியே தெரியாது. ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் செட் மாறிப்போகாமல் இருக்க இது ஒன்றுதான் வழி. பசையை நீங்களே காலையில் ஒரு தடவை வைத்துவிடுங்கள். அவர் எதிரே உட்காராமல் பின்னால் நின்று, அவர் தலை உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்க, மேல்செட்டை முதலில் வையுங்கள். அவர் வாயைத் திறக்க மறுத்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். செட் இல்லாமல் இட்லி சாப்பிடட்டும். ஆபரேஷன் என்று போனால், மயக்க மருந்துக்கு முன் செட்டைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

கழற்றிய செட்டை டிஷ்யூ காகிதத்தில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைப்பதைத்தான் அடியோடு நிறுத்த வேண்டும். காணாமல் போகும் செட்டுகளில் பல இப்படிக் குப்பைத்தொட்டிக்குள் போனவை. கெட்டியான மூடி போட்ட, பளிச்சென்ற நிறத்தில் ஒரு டப்பா வாங்கி, அப்பா பெயரைப் பெரிதாக எழுதி, தினமும் ஒரே இடத்தில், அவர் மூக்குக்கண்ணாடி வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கண்ணாடியைத் தேடுகிற கை டப்பாவிலும் படும்.